புதுப் பூனை ஏன் தும்முகிறது?

பூனையைத் தத்தெடுத்தவர்கள் முதல் இரண்டு வாரத்துக்குள் சொல்லும் புகார் ஒன்று உண்டு. "நோய்ப் பூனையை நம் தலையில் கட்டிவிட்டார்கள்." காப்பகத்தில் பார்த்தபோது துள்ளித் திரிந்த குட்டி, வீட்டுக்கு வந்து சில நாளில் தும்மத் தொடங்கும். பிறகு ஒரு கண்ணில் நீர் வடியும். காலையில் எழுந்து பார்த்தால் பீளை கட்டி இமை ஒட்டிக் கிடக்கும். உடனே காப்பகத்துக்குத் தொலைபேசி, வாக்குவாதம். சில வீடுகளில் பூனை வந்த கூண்டிலேயே திரும்பிப் போய்விடுகிறது. அப்படித் திரும்பிய பூனைகள் என் பழக்க வட்டத்திலேயே உண்டு.

எங்கள் பொன்னியும் தும்மினாள். அவளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தும்மலுக்காக ஒரு பூனையைத் திருப்பிக் கொடுக்கத் தேவையே இல்லை என்பது என் கட்சி. கண்ணைப் பொறுத்தவரை ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது என்பதும் அதே அளவு உறுதியான கட்சி.

பொன்னி மலேசியாவின் பினாங்கில், ஜெலுத்தோங் சந்தைப் பக்கம் கண்டெடுக்கப்பட்டவள். செம்பழுப்பு நிறம், பாதி நீள வால், அதன் நுனியில் ஒரு முடிச்சு. சென்னையிலிருந்து வந்த உறவினர் ஒருவர், யாரோ கதவிடுக்கில் வாலை நசுக்கிவிட்டார்கள் என்று பரிதாபப்பட்டார். பிறவியே அப்படித்தான். மலாய்த் தீவுகளிலும் சயாமிலும் பர்மாவிலும் பூனைகளுக்கு வால் குட்டையாய், முடிச்சோடு இருப்பதை டார்வின் 19 ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். பினாங்குக்கும் பூனைக்கும் அப்படியொரு பொருத்தம். தெருவிலங்குகளுக்காக 2013 இல் ஜார்ஜ் டவுன் சுவர்களில் வரையப்பட்ட பூனை ஓவியங்கள் முன் சுற்றுலாப் பயணிகள் இன்றும் நின்று படமெடுக்கிறார்கள். அந்தச் சுவரடியில் பீளைக் கண்ணோடு உட்கார்ந்திருக்கும் உயிருள்ள குட்டி யார் படத்திலும் விழுவதில்லை.

வீட்டில் பொன்னி முதன்முதலில் தும்மியபோது அம்மா, குழந்தைக்குச் சொல்வதுபோல் "நூறு" என்றார். அடுத்த தும்மலுக்கு "இருநூறு". தும்மல் தொடர்ந்துகொண்டே போக, எண்ணிக்கை எங்கேயோ தவறி, "இது ஆயுசுக்கான தும்மல் இல்லை, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போம்மா" என்று சொல்லிவிட்டார்.

விலங்கு மருத்துவமனையில் டாக்டர் பொன்னியைத் தொடுவதற்கு முன்பே கேட்ட கேள்வி, "வீட்டுக்கு வந்து எத்தனை நாள் ஆகிறது?" என்பது. அம்மாவுக்கும் அவருக்கும் மலாய்தான் பொதுமொழி. ஏறக்குறைய ஒரு வாரம் என்றதும், எதிர்பார்த்த விடை வந்துவிட்டதுபோல் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பின் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

பூனைக்கு வரும் சளி, தும்மல், கண்ணோய் ஆகியவற்றில் மிகப் பெரும்பான்மைக்கு இரண்டு வைரஸ்கள் காரணம். ஒன்று கலிசி வைரஸ். மலாயா விடுதலை பெற்ற அதே 1957 இல் நியூசிலாந்தில் அது முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. மற்றது பூனை ஹெர்ப்பிஸ் வைரஸ். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் அது பற்றிய அறிக்கை வந்தது. கிளமிடியா, மைக்கோபிளாஸ்மா, போர்டெடெல்லா என்ற பாக்டீரியாக்களும் உண்டு. அவை சில நேரம் தாங்களாகவே வரும், சில நேரம் வைரஸ் திறந்துவிட்ட வாசல் வழியே நுழையும்.

நம் கதைக்கு முக்கியமானது ஹெர்ப்பிஸ். மனிதருக்கு உதட்டோரம் கொப்புளம் வரவழைக்கும் வைரஸின் உறவு அது. ஆனால் மனிதரைத் தொற்றாது. குட்டிப் பருவத்தில் தாயிடமிருந்தோ கூடப் பிறந்தவற்றிடமிருந்தோ ஒட்டிக்கொள்ளும். சளி ஆறியதும் பூனை முழுக்கக் குணமாகிவிட்டதாகத் தோன்றும். வைரஸோ முகத்துக்கு உணர்வு தரும் நரம்பின் முடிச்சுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், உயிருள்ளவரை. பூனை கலங்கும் நேரம் பார்த்து எழுந்து வரும். பிரசவம், பாலூட்டல், அறுவை சிகிச்சை, புது விலங்கின் வருகை, ஸ்டீராய்டு மருந்து என்று எதுவும் அதற்குக் காரணமாகலாம். 1970களில் பிரிட்டனில் காஸ்கெல், போவி என்ற இரு ஆய்வாளர்கள் வைரஸை உள்ளே சுமந்திருந்த பூனைகளை இடம் மாற்றிப் பார்த்தார்கள். இடம் மாற்றியதே சில பூனைகளுக்குப் போதுமானதாக இருந்தது. கலக்கம் நேர்ந்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் வைரஸ் வெளிவரத் தொடங்கி, ஒன்றிரண்டு வாரம் நீடிக்கும்.

டாக்டரின் கேள்விக்குப் பொருள் இதுதான். காப்பகத்தில் நலமாக இருந்த பூனை நம் வீட்டில் நோயாளியாவதற்குப் பல நேரம் நாம் அதைத் தூக்கி வந்ததே காரணம். கூண்டு, கார், புது வாசனை, புது முகங்கள், மேல்மாடியில் யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம் எல்லாம் சேர்ந்து உள்ளே படுத்திருக்கும் வைரஸை எழுப்பிவிடுகின்றன. நெரிசலான காப்பகத்தில் கடைசி நாளில் புதிதாகத் தொற்றியிருக்கவும் கூடும். தொற்றிய பூனை அறிகுறி காட்ட 2 முதல் 10 நாள் வரை ஆகும். எப்படிப் பார்த்தாலும் புகாருக்குப் பெரிய ஆதாரம் இல்லை. காப்பகத்தாரிடம் கேட்க வேண்டியது "ஏன் மறைத்தீர்கள்" என்பதைவிட, "தடுப்பூசி எப்போது போட்டீர்கள், கூட இருந்த பூனைகள் எப்படி இருக்கின்றன" என்பது. இந்தப் பதில்கள் டாக்டருக்கு உதவும். சண்டை யாருக்கும் உதவாது.

தடுப்பூசி பற்றியும் ஒரு தவறான எதிர்பார்ப்பு இருக்கிறது. ஊசி போட்ட பூனைக்கு இந்தச் சளி வரவே வராது என்று பலர் நம்புகிறார்கள். இந்த இரண்டு வைரஸுக்கும் எதிரான ஊசி தொற்றை முழுதாகத் தடுப்பதில்லை, நோயின் கடுமையைக் குறைக்கும். அதுவே பெரிய விஷயம். குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் ஆகும்வரை போட்டுக்கொண்டு வர வேண்டும். ஒரே ஊசியோடு நிறுத்திவிட்டு "போட்டாயிற்று" என்பது பாதி வேலை.

மூக்குச் சளிக்கு வருகிறேன். இதில் செய்ய வேண்டியது அதிகம் இல்லை, செய்யக் கூடாததே அதிகம்.

சளி தெளிந்த நீராக இருந்து, பூனை சாப்பிட்டுக்கொண்டு, ஓரளவு சுறுசுறுப்பாக இருந்தால் பல டாக்டர்கள் ஆன்டிபயாடிக் தரமாட்டார்கள். 10 நாள் வரை பார்த்துக்கொள்ளலாம் என்பது பன்னாட்டு வழிகாட்டுதல்களிலேயே இருக்கிறது. "இவ்வளவு தூரம் வந்தும் மருந்து தரவில்லையே" என்று அம்மா முணுமுணுத்தார். மருந்து தராத டாக்டரை நம் ஆட்கள் எளிதில் மன்னிப்பதில்லை. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ திரண்டு, காய்ச்சலும் சோர்வும் சேர்ந்தால்தான் பெரும்பாலும் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் வரும். அந்த மாத்திரையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பூனையின் உணவுக்குழாயில் அது சிக்கிக்கொண்டால் அந்த இடத்தை அரித்துப் புண்ணாக்கி, குழாயையே சுருங்கவைத்துவிடும். மாத்திரை கொடுத்த கையோடு ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீரோ, ஒரு வாய் உணவோ உள்ளே போக வேண்டும். இதை அட்டையில் எழுதித் தருவதில்லை, கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

மூக்கடைத்த பூனையின் உண்மையான ஆபத்து பட்டினி. வாசனை தெரியாத உணவைப் பூனை உணவாகவே மதிக்காது. வளர்ந்த பூனை சில நாள் சேர்ந்தாற்போல் சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து தனியொரு நோயாகிவிடும், குண்டுப் பூனைக்கு இன்னும் சீக்கிரம். குட்டியோ ஒரே நாளில் வாடிவிடும். ஆகவே எங்கள் சமையலறையில் கெம்போங் மீன் வேகாத நாளே இல்லை என்றாயிற்று. உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, முள்ளெடுத்து, உடல் சூட்டுக்கு ஆறவைத்து நீட்டினால் அதன் வீச்சம் அடைத்த மூக்கையும் துளைத்துக்கொண்டு போகும். மூக்கைத் துடைத்துவிட்டு அடுத்த நிமிடம் உணவை வைக்க வேண்டும். வரிசை மாறினால் பயன் பாதியாகிவிடும். ஆஸ்துமாவுக்கும் புகைமூட்டக் காலத்துக்கும் என்று பல வீடுகளில் வாங்கிவைத்திருக்கும் நெபுலைசர், வெறும் உப்புநீரோடு டாக்டர் சொன்ன அளவில், நன்றாக உதவியது.

நாக்கில் புண், வாயில் எச்சில் ஒழுகல், சில நேரம் கால் நொண்டுதல் இருந்தால் கலிசி வைரஸை நினைக்க வேண்டும். அப்போது பூனை பசியில்லாமல் அல்ல, வலி தாங்காமல் சாப்பிட மறுக்கிறது. வலிக்கு மருந்து டாக்டர்தான் தர வேண்டும். மலேசியாவில் எந்த வீட்டு மேசையிலும் இருக்கும் பனடால் என்ற பாராசிட்டமால் மாத்திரையைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது. மனிதருக்கான ஒரு மாத்திரையே அதைக் கொல்லப் போதும். பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு.

தைலத்துக்கும் இதே காரணம்தான். சளி என்றதும் நம் கை கோடாலித் தைலத்தைத் தேடும், மலாய்க்காரர் கை மினியாக் அஙின் என்ற தைலத்தைத் தேடும். பூனைக்கு யூக்கலிப்டஸ், கற்பூரம், மெந்தால் எதுவும் ஆகாது. தடவினால் நக்கும். நக்கினால் உள்ளே போகும். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியையும் கொசுவர்த்தியையும் அந்த அறையிலிருந்து விலக்கி வைத்தோம். அம்மா சாம்பிராணியை விட்டுக்கொடுத்தது இந்த வீட்டின் வரலாற்றில் சிறிய நிகழ்ச்சி அல்ல.

இனி கண்.

கண்ணில் தெளிந்த நீர் வடிவதும், ஓரத்தில் பழுப்பாய்க் கொஞ்சம் காய்ந்திருப்பதும் சளியோடு வருபவை. கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு, அதே பஞ்சு அடுத்த கண்ணுக்குப் போகக் கூடாது. ஒட்டிய இமையைப் பிய்க்காமல், ஈரப் பஞ்சைக் கொஞ்ச நேரம் வைத்து ஊறவிட்டால் தானே விடும். நந்தியாவட்டைப் பூ, பன்னீர், தாய்ப்பால் என்று எங்கள் மாடி வரிசையில் கிடைத்த யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. பக்கத்து வீட்டு மக்சிக், அதாவது மலாய் அத்தை, தேயிலைத் தண்ணீர் என்றார். எல்லோரும் அன்பால்தான் சொன்னார்கள். எதையும் ஊற்றவில்லை.

பொன்னி இடது கண்ணை இடுக்கத் தொடங்கினாள். பூனை ஒரு கண்ணை இடுக்குகிறது, வெளிச்சத்தைக் கண்டு முகம் திருப்புகிறது, கண்ணைக் காலால் தேய்க்கிறது, விழியின் மேல் மங்கலாக ஏதோ தெரிகிறது என்றால் அது சளி அல்ல, விழிப்புண்ணாக இருக்கலாம். ஹெர்ப்பிஸ் வைரஸ் கருவிழியின் மேற்பரப்பைத் தின்று, மரக்கிளை விரிவதுபோல் கிளைகிளையாகக் கீறல் போடும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது. டாக்டர் ஆரஞ்சு நிறத் தாள் பட்டை ஒன்றை ஈரமாக்கிக் கண்ணில் தொட்டு, விளக்கை அணைத்து, நீல வெளிச்சம் காட்டினார். புண் இருந்த இடம் மட்டும் பச்சையாய் ஒளிர்ந்தது. ஃபுளோரசின் என்ற அந்தச் சாயம் விழியின் முழுத்தோலில் ஒட்டாது, தோல் உரிந்த இடத்தில் மட்டும் ஊறும். ஓரிரு நிமிடச் சோதனை. அதைச் செய்யாமல் சிவந்த பூனைக் கண்ணுக்கு மருந்து எழுதித் தரப்பட்டால், "சாயம் போட்டுப் பார்க்கவில்லையா டாக்டர்" என்று பணிவாகக் கேட்டுவிடுங்கள். கேட்டதற்காக யாரும் வெளியே அனுப்பமாட்டார்கள்.

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் கிடக்கும் பழைய கண்மருந்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மனிதர்களுக்கான கண்சொட்டு மருந்துகள் பலவற்றில் ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்று பெட்டியில் எழுதியிருக்கும். போட்டவுடன் சிவப்பு குறையும், வீக்கம் வடியும், பார்ப்பவர்க்கு நிம்மதி. உள்ளே புண் ஆற முடியாமல், வைரஸ் தடையின்றி வளர்ந்து, விழி கரைந்து ஓட்டை விழும்வரை போகக்கூடும். சித்தி அனுப்பிவைத்த, கண்புரை அறுவைக்குப் பிறகு மிஞ்சிய சொட்டு மருந்து இந்த வகை. பெட்டியைப் படித்ததும் குப்பைக்குப் போட்டுவிட்டேன். சித்தியிடம் "பத்திரமாக வைத்திருக்கிறேன், சித்தி" என்றேன். அந்தப் பொய்க்கு வருத்தமில்லை.

பொன்னிக்குத் தரப்பட்டது ஆன்டிபயாடிக் களிம்பும், வாய்வழி ஃபாம்சைக்ளோவிரும். பிந்தையது மனிதர்களின் அக்கி நோய்க்குக் கொடுக்கும் மருந்து, பூனைகளும் தாங்கிக்கொள்ளும். பெயரில் அதற்கு நெருங்கிய அசைக்ளோவிர் மாத்திரை அப்படி இல்லை. பூனை வைரஸிடம் அதற்கு வலு குறைவு, பூனையின் உடலுக்கோ அது நஞ்சு. மருந்தகத்தில் "இரண்டும் ஒன்றுதான்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். புண்ணைத் தேய்த்துவிடாமல் இருக்கக் கழுத்தில் கூம்புப் பட்டை. அதோடு அவள் சுவரில் மோதிக்கொண்டு நடந்ததை அம்மா பார்க்கவே மறுத்தார்.

செல்லப்பிராணிக் கடைகளில் லைசின் என்ற அமினோ அமிலம் கலந்த பசை விற்கிறார்கள். பல ஆண்டுகள் டாக்டர்களே பரிந்துரைத்த பொருள். 2015 இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு, அதனால் பூனை ஹெர்ப்பிஸுக்குப் பயன் என்று காட்டும் ஆதாரம் இல்லை, நிறுத்திவிடுவதே நல்லது என்றது. அந்தப் பணத்துக்குக் கெம்போங் வாங்கலாம்.

கண் மட்டும் நோய்ப்பட்டு, தும்மல் பெரிதாக இல்லாமல், இமையின் உட்புறம் இளஞ்சிவப்பாய் வீங்கிப் பிதுங்கியிருந்தால் கிளமிடியாவைச் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் ஒரு கண்ணில் தொடங்கிச் சில நாளில் மற்றதற்கும் போகும். அதற்குச் சொட்டு மருந்து மட்டும் போதாது, வாய்வழி டாக்சிசைக்ளின் 4 வாரம் அளவுக்கு வேண்டும். வீட்டில் உள்ள மற்றப் பூனைகளுக்கும் சேர்த்து. அரிதாக மனிதர் கண்ணுக்கும் வரக்கூடியது என்பதால் கைகழுவுவதில் சோம்பல் கூடாது. கண் தெளிந்துவிட்டதே என்று பாதியில் நிறுத்துபவர்கள்தான் மறுபடி மறுபடி மருத்துவமனை வாசலில் நிற்கிறார்கள்.

எங்கள் வீட்டில் மாரி என்ற கிழப்பூனை ஏற்கனவே இருந்தான். பொன்னியின் முதல் இரண்டு வாரமும் அவளுக்குத் தனி அறை, தனித் தட்டு, தனி மணல் தட்டு. தும்மலின் துளி ஒன்றரை மீட்டர் அளவுக்குத்தான் போகும். அதைவிடத் தூரம் போவது நம் கையும் சட்டையும். முதலில் மாரிக்குச் சோறு, பிறகு பொன்னிக்கு மருந்து, கடைசியில் கை, சட்டை எல்லாம் கழுவல். ஹெர்ப்பிஸ் உடலுக்கு வெளியே ஒரு நாள்கூடத் தாங்காது. கலிசியோ காய்ந்த தரையில் வாரக்கணக்கில், சில நேரம் ஒரு மாதம்வரை பிழைத்திருக்கும். கைக்குப் பூசும் ஆல்கஹால் திரவத்துக்கு அது எளிதில் மசியாது. குளோராக்ஸ் என்ற வெளுப்புத் திரவம் 1 பங்குக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, அறை காய்ந்து வாடை போன பிறகு பூனையை விட வேண்டும். தண்ணீரில் ஊற்றினால் பாலாகும் கிருமிநாசினிகள் பூனை வீட்டுக்கு வேண்டாம். அவற்றில் உள்ள பீனால் வகைப் பொருள்கள் பூனைக்கு நஞ்சு.

பொன்னியின் விழிப்புண் ஆறிவிட்டது. உற்றுப் பார்த்தால் மெல்லிய தழும்பு தெரியும். பார்வைக்குக் குறையில்லை. தைப்பூசத்துக்குச் சுங்கைப் பட்டாணியிலிருந்தும் கூலிமிலிருந்தும் உறவுக்காரர்கள் வந்து, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகவும் வரவுமாய் வீடு நிறைந்திருந்தால், அவர்கள் கிளம்பிய சில நாளில் அவளுடைய இடது கண்ணில் நீர் வடியும். அதனால் இப்போதெல்லாம் விருந்தாளி வரும் முன்பே அவளுடைய கூடை, தண்ணீர், மணல் தட்டு எல்லாம் பின்னறைக்குப் போய்விடுகின்றன. கதவில் "திறக்காதீர்கள்" என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டியிருக்கிறோம். பிள்ளைகள் எப்படியும் திறந்துவிடுகிறார்கள்.

சென்ற வாரம் பட்டர்வொர்த்திலிருந்து தோழி அழைத்தாள். புதுக் குட்டி தும்முகிறதாம், காப்பகத்துக்கே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று கணவர் சொல்கிறாராம். சாப்பிடுகிறதா என்று கேட்டேன். சாப்பிடுகிறது. சளி என்ன நிறம்? நிறமில்லை. கண்? "வலது கண்ணை மட்டும் பாதி மூடியே வைத்திருக்கிறது, தூக்கம்போல." தூக்கமில்லை, நாளைக்கு என்று வைக்காதே, இன்று மாலையே தூக்கிக்கொண்டு போ, சாயம் போட்டுப் பார்க்கச் சொல், மற்றதை வந்து பேசுவோம் என்று தொலைபேசியை வைத்துவிட்டேன்.